முழுசா வாசிக்கவா?

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான். மதுரங்குளிச் சந்தியில் முஸ்லிம் சனங்கள் அவரை ராத்தா என்றார்கள். உடப்பிலிருந்து போய்வந்த எங்களைப் போன்ற தமிழர்களுக்கு அவர் அக்கா. சிங்கள ஆட்களுக்கு டீச்சர். யார் எப்படிக் கூப்பிட்டாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டுதான் "சொல்லுங்க" என்பார். அந்தச் "சொல்லுங்க"வைக் கேட்டால் யாருக்கும் வீட்டுக் கதை முழுவதையும் அவர் முன்னால் கொட்டிவிடத் தோன்றும். நானும் கொட்டியிருக்கிறேன். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறைத்தேன்.

சமாதானம் என்று சொல்லி அகற்றிய மண்மூட்டைகளை மறுபடியும் வீதியோரம் அடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. சந்தியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. கோல் எடுக்க ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு போட்டோக் கொப்பி மெசின், ஒரு பேக்ஸ், பெட்டி மாதிரிப் பழைய கொம்பியூட்டர் இரண்டு. கடை ஒரு ஹாஜியாருடையது. ஆனால் காலையில் திறப்பதும் மாலையில் பூட்டுவதும் இவர்தான். நான் அப்போது களப்போரத்தில் ஓர் இறால் பண்ணையில் கிளாக்காக இருந்தேன். குளத்துத் தண்ணீரின் உப்பு, இறாலின் நிறை, தீனியின் அளவு எல்லாம் எழுதிய தாளை நாள்தோறும் கொழும்பிலிருக்கும் முதலாளிக்கு பேக்ஸ் அனுப்புவது என் வேலை. பேக்ஸ் மெசின் அவருடைய கதிரைக்குப் பின்னால் இருந்தது. அதனால் மற்றவர்கள் கொம்பியூட்டரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நான் மட்டும் அவருடைய தோளுக்கு மேலால் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரிடம் கோடு போடும் மர அடிமட்டம் ஒன்று இருந்தது. வடக்கில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தவர். தொண்டர் ஆசிரியைதான், நியமனக் கடிதம் என்று ஒன்று கிடையாது. முஸ்லிம்களை எல்லாம் வடக்கிலிருந்து துரத்தியபோது உம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வருஷக்கணக்காகக் கிடந்து, கடைசியில் இந்தக் கதிரைக்கு வந்து சேர்ந்தவர். துரத்தியவர்கள் ஆயுதம் தூக்கிய தமிழர்கள். எங்களிடம் அதைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்டதில்லை. நாங்களும் ஏதோ அவர் கல்யாணம் முடித்து ஊர் மாறி வந்தவர் போலத்தான் பழகினோம். அது எங்களுக்கு வசதியாக இருந்தது.

அடிமட்டத்துக்கு வருகிறேன். திரையில் எழுத்து வந்ததும் அவர் வாசிக்கும் வரிக்குக் கீழே அந்த அடிமட்டத்தைத் திரைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிப்பார். இங்கிலீஷை வாய்க்குள் ஒருமுறை வாசிப்பார். பிறகு தமிழில் சொல்வார். பிறகு அடிமட்டம் ஒரு வரி கீழே இறங்கும். வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய பழக்கமாக இருக்க வேண்டும். அந்த நாட்களில் நெட் என்றால் அதுதான் எங்களுக்கு நெட். ஒரு அடிமட்டம், ஒரு குரல், நடுநடுவே கரண்ட் போகாமல் இருக்க வேண்டும் என்ற பயம்.

"இது நாங்க கேட்டதத்தான் தேடும். கேக்காதத ஒருநாளும் தேடாது" என்று அடிக்கடி சொல்வார். மெசினைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

முதலில் அவர் எல்லாவற்றையும் வாசித்தார். யார் வந்தாலும், என்ன நோய், என்ன வருத்தமென்றாலும், மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு வரி விடாமல். அதற்கு ஒருநாள் முடிவு வந்தது. பக்கத்து ஊரில் வயல் செய்த ஒருவர் எலிக்காய்ச்சலில் ஆசுபத்திரியில் கிடந்தார். அவருடைய மனைவி, துண்டில் எழுதியிருந்த வருத்தத்தின் பெயரைக் கொண்டுவந்து "இது என்னண்டு பார்த்துச் சொல்லுங்க ராத்தா" என்று நீட்டினார். இவர் வாசித்தார். ஈரல் என்றார், சிறுநீரகம் என்றார், கண் மஞ்சளாகும் என்றார், சிலபேர் தப்ப மாட்டார்கள் என்ற வரியையும் அதே குரலில் வாசித்தார். அந்தப் பெண் கடை வாசலிலேயே மயங்கி விழுந்தார். மூன்றாம் நாள் கணவர் மௌத்து.

ஜனாஸா அடக்கம் முடிந்த கையோடு செத்தவரின் மச்சான் கடைக்கு வந்தான். கீபோர்டை வயரோடு பிடுங்கி ரோட்டில் அடித்தான். "அகதியா வந்தவ சோறு திண்டமா இருந்தமா எண்டில்லாம எங்கட மனிசனுக்கு நாள் குறிச்சிட்டா! இவட நாக்கில என்ன இருக்கெண்டு பாருங்க!" என்று சந்தி முழுக்கக் கேட்கக் கத்தினான். இவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. அடிமட்டத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

அடுத்த நாள் ஹாஜியார் புதுக் கீபோர்ட் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னதை நானே கேட்டேன். "ராத்தா, சனம் மனசு தெளிஞ்சு போற மாதிரிப் படிங்க. இது கடை. மௌத்து வீடில்ல."

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. யார் வந்து எதைக் கேட்டாலும், தேடி எடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "முழுசா வாசிக்கவா, தேவையானத வாசிக்கவா?" என்று கேட்பார். எனக்குத் தெரிந்து வருத்தம் பார்க்க வந்த ஒருவர்கூட முழுசா என்று சொன்னதில்லை. "தேவையானத மட்டும் வாசிங்க ராத்தா." "தேவையானது போதும் அக்கா." தேவையானது எது என்று யாரும் விளக்கம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அடிமட்டம் இரண்டு வரி இறங்கும். பிறகு ஏழெட்டு வரியைத் தாண்டிப் போய் ஒரு இடத்தில் நிற்கும். அங்கே "ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கு, தண்ணி நல்லாக் குடிக்கச் சொல்லியிருக்கு" என்று இருக்கும். தாண்டிய இடத்தில் என்ன இருந்தது என்று எதிரே நின்றவருக்குத் தெரியாது. எனக்குத் தாண்டியது தெரியும், என்ன இருந்தது என்று வாசிக்கத் தெரியாது. பண்ணைப் படிவத்தில் வரும் இங்கிலீஷ் சொற்களைத் தவிர எனக்கு வேறு இங்கிலீஷ் கிடையாது.

எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எத்தனை வரி பாய்கிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்பேன்.

முழுசா என்று சொன்ன ஒரே ஆள் நான்தான். அதுவும் இறாலுக்காக. பக்கத்துப் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய் விழுந்து குளம் குளமாகச் செத்து மிதந்தது. முதலாளி போனில் கத்தினார். நான் ஓடிவந்து நோயின் பெயரைச் சொன்னேன். அவர் தேடி எடுத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டார்.

"முழுசா வாசிங்க அக்கா. ஒரு வரியும் விடாதீங்க."

அன்றைக்கு அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அடிமட்டம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. மருந்து கிடையாது. தொற்றினால் தடுக்க முடியாது. வெளித்தண்ணீர் வரும் வாசலை மூடு. ஒரு குளத்து வலையை இன்னொரு குளத்தில் போடாதே. அடையாளம் கண்ட குளத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே பிடித்து முடி. பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்தையும் எடுத்தார். நடுவில் ஒருமுறை சிரித்துக்கொண்டே, "இறாலுக்கு உம்மா வாப்பா வந்து அழ மாட்டாங்க கிளாக்கர். நிம்மதியா வாசிக்கலாம்" என்றார். அவர் வாசித்தபடியே செய்தோம். இரண்டு குளத்தைச் சின்ன இறாலாகவே பிடித்துவிட்டோம், மிச்சம் தப்பியது. முதலாளி சந்தோசப்பட்டு ஐஸ் பெட்டியில் இறால் கொடுத்தனுப்பினார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த மழைக்காலத்தில்தான் காய்ச்சல் வந்தது. சிக்குன்குனியா என்ற பெயரை அதற்கு முதல் எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. கை மொழி, கால் மொழி என்று மூட்டெல்லாம் வீங்கி, நேற்று வலை இழுத்தவன் இன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். உடப்பில் ஒரு வீடு தப்பவில்லை. கரையில் படகுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. கொமினிகேஷன் கடைக்கு வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வந்த கூட்டம் போய், காய்ச்சலைப் பற்றித் தேட வந்த கூட்டம் ஆனது. காய்ச்சல்காரன் மீன் சாப்பிடலாமா என்று ஒருவர். பப்பாசி இலைச் சாறு எத்தனை கரண்டி என்று ஒருவர். மார்பில் பால் கொடுக்கும் பெண் என்ன செய்வது என்று கேட்டுவரச் சொல்லி அனுப்பப்பட்ட கணவன் ஒருவன், வெட்கத்தில் பாதியைக் கேட்காமல் போனான். ஒரு கிழவர் வந்து இந்தக் காய்ச்சலைச் சண்டை பிடிக்கும் இரண்டு பகுதியில் எந்தப் பகுதி அனுப்பியது என்று நெட்டில் பார்த்துச் சொல்லச் சொன்னார். "அத இதில போட மாட்டாங்க அப்பா" என்று இவர் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

ஆனால் எத்தனை விதமாகக் கேட்டாலும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். இந்தக் காய்ச்சலோடு வீட்டிலேயே இருந்துவிடலாமா? பெரிய ஆசுபத்திரிக்குப் போக இரண்டு செக்பொயின்ட் தாண்ட வேண்டும். எங்கள் அடையாள அட்டையில் புத்தளம் மாவட்டம் என்றுதான் இருக்கும். பெயர்தான் வாசிக்கிறவனுக்கு இடிக்கும். அந்த மாதங்களில் எங்கள் ஊர்ப் பெடியன் ஒருத்தனை பஸ்ஸிலிருந்து இறக்கி விசாரிக்கக் கொண்டு போனார்கள். அவனுடைய தாய் அதற்குப் பிறகு ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ரோட்டுக்கு வந்து நின்றாள். அதைப் பார்த்துக்கொண்டே எந்தத் தாய் தன்னுடைய பெடியனைக் காய்ச்சல் என்று பஸ் ஏற்றுவாள்? போகத் தேவையில்லை என்று யாராவது சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் நம்பிக்கை வராது. நெட் சொன்னால் வரும்.

அவர் அதைத்தான் வாசித்துக் கொடுத்தார். நாள் முழுக்க, தொண்டை கட்டும்வரை. அநேகமானவர்களுக்கு அது உண்மையாகவும் இருந்தது. ஒரு கிழமையில் எழும்பினார்கள், மொழி நோவோடு கொஞ்சக் காலம் முனகினார்கள், ராத்தாவின் வாய் ராசியான வாய் என்றார்கள். நாக்கைப் பழித்த அதே சந்தி.

இதற்கு நடுவில் ஒருநாள் காலை நான் பேக்ஸ் தாளோடு போனபோது கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் முச்சக்கர வண்டி நின்றது. உள்ளே அவருடைய உம்மா போர்வையோடு சாய்ந்திருந்தார். இவர் சுடுதண்ணிப் போத்தலையும் துணியையும் பையில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"உம்மாக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல் கிளாக்கர். ஆசுபத்திரிக்குக் கொண்டு போறன்."

"என்ன அக்கா, நெட்டில பாக்கல்லயா?" என்று பகிடியாகத்தான் கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதில பாக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார். ஏறிப் போய்விட்டார்.

நான்கைந்து நாளில் உம்மா நல்லபடியாகத் திரும்பி வந்தார். எனக்கு அன்றைக்கு வயிறு எரிந்தது. ஊருக்கெல்லாம் வீட்டில் இருங்கள் என்று வாசிக்கிறவர், தன்னுடைய உம்மாவுக்கு ஒரு வரி வாசிக்கவில்லை. ஆனால் உடனே இன்னொரு கணக்கும் போட்டேன். முஸ்லிம் மனுசி, வயசாளி, செக்பொயின்டில் யார் மறிக்கப் போகிறான், இவர்களுக்கென்ன. அந்தக் கணக்கைப் போட்டதால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டேன்.

பிறகு என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கு இருபத்திரண்டு வயது. கடலுக்குப் போகிறவன். சிரித்தால் வீட்டுக் கோழியெல்லாம் கலையும், அப்படி ஒரு சிரிப்பு. மற்ற எல்லாருக்கும் வந்ததுதான் அவனுக்கும் என்று நாங்கள் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் முடிவு செய்தோம். உடம்பு நோவுக்குக் கடையில் விற்ற வலிக் குளிசையை வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலை அவன் கிணற்றடியில் வாய் கொப்பளித்தபோது துப்பியது சிவப்பாக இருந்தது. அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். "பல்லு பிரஸ் குத்திப் போட்டுது" என்றான். பிரஸ் அவன் கையில் இருக்கவில்லை.

அம்மா அடுப்படியில் இருந்து, "ஆசுபத்திரி எண்டு மட்டும் சொல்லிப் போடாத மகன்" என்று என்னிடம் சொன்னார். "வழியில செக்பொயின்டில இறக்கி எடுத்தா ஆள் எங்க எண்டும் தெரியாமப் போயிடும். நீ அந்த அக்காட்ட ஒருக்காக் கேட்டுட்டு வா."

போனேன். அன்றைக்குக் கூட்டம் இல்லை. கரண்ட் போய் அப்போதுதான் வந்திருந்தது.

"தம்பிக்குக் காய்ச்சல் அக்கா. இதே காய்ச்சல்தான். சிக்குன்குனியா எண்டு போடுங்க."

"எத்தின நாள்?"

"இண்டையோட மூண்டு."

"மொழி வீங்கியிருக்கா?"

"நோகுதெண்டு சொல்றான்."

அவர் தட்டினார். பக்கம் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. கண்ணாடியைத் துடைத்தார். கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் இன்னொன்று கேட்டார். அதை வேறு யாரிடமும் அவர் கேட்டு நான் கண்டதில்லை.

"பல்லு முரசில, மூக்கில ரத்தம் கித்தம் ஏதும் கண்டீங்களா?"

நான் இல்லை என்றேன்.

ஓம் என்றால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இல்லை என்றேன். பஸ், செக்பொயின்ட், ரோட்டில் நிற்கும் அந்தத் தாய் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தன. நல்ல வார்த்தை ஒன்று வேண்டியிருந்தது. அதற்கு ஒரு சின்னப் பொய்தானே என்று நினைத்தேன்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "முழுசா வாசிக்கவா கிளாக்கர், தேவையானத வாசிக்கவா?"

"தேவையானத வாசிங்க. நல்லதா."

அடிமட்டம் திரையில் ஏறியது. "இந்தக் காய்ச்சல்ல சாவு வாறது அபூர்வம்" என்று வாசித்தார். ஒரு வரி இறங்கினார். "ஒரு கிழமையில காய்ச்சல் விடும், மொழி நோ கொஞ்ச நாளைக்கு இருக்கும்." அதற்குப் பிறகு அடிமட்டம் பாய்ந்தது. இதுவரைக்கும் நான் பார்த்ததிலேயே பெரிய பாய்ச்சல், பக்கத்தின் பாதிக்கு மேல். "ஓய்வு எடுக்கட்டும். தண்ணி, இளநி நல்லாக் குடுங்க." பாய்ந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

நான் ரோட்டில் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்தார். மேசையில் வைத்து பேனாவால் என்னவோ செய்தார். நான் பெயர் எழுதுகிறார் என்று நினைத்தேன். நாலாக மடித்து என் கையில் தந்தார்.

"ஊட்டுக்குப் போய் ஆரிட்டயாவது குடுத்து வாசிச்சுப் பாருங்க. இண்டைக்கே."

ஓம் என்று சட்டைப் பையில் வைத்தேன். வீட்டுக்குப் போய் "சாவு வராதாம்" என்று சொன்னேன். அம்மா அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். தாளை எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, தாள் எதற்கு?

ஐந்தாம் நாள் காலை தம்பியின் காய்ச்சல் விட்டுவிட்டது. உடம்பு குளிர்ந்திருந்தது. அம்மா சந்தோசத்தில் பக்கத்து வீடெல்லாம் சொன்னார். அவனுக்கு வயிற்று நோ என்றான், பசி என்று நினைத்துக் கஞ்சி கொடுத்தோம், அதை அப்படியே சத்தி எடுத்தான். மத்தியானம் கையும் காலும் சில்லிட்டு, ஆள் கூப்பிட்டாலும் கண்ணைத் திறக்கவில்லை. அப்போதுதான் வண்டி பிடித்தோம். இரண்டு செக்பொயின்டிலும் ஆமிக்காரன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான், அடையாள அட்டை கேட்கவில்லை, "யன்ன, யன்ன" என்று கையைக் காட்டிப் போகச் சொன்னான். எந்த ரோட்டுக்குப் பயந்து அவனை வைத்திருந்தோமோ அந்த ரோடு அன்றைக்கு எங்களைத் தடுக்கவே இல்லை. ஆசுபத்திரியில் டெங்கு என்றார்கள், ஏன் இவ்வளவு பிந்தினீர்கள் என்று கேட்டார்கள். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

தம்பியின் எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் நான் சந்திக்குப் போனேன். கடைக்குள் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் வைத்துத்தான் கத்தினேன். "சாவு வராதெண்டு வாசிச்சீங்களே! உங்கட உம்மாவ மட்டும் ஆசுபத்திரிக்குக் கொண்டு போனீங்க. என்ட தம்பிய வீட்டில வச்சுச் சாகச் சொன்னீங்க!"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "பேப்பர வாசிச்சீங்களா கிளாக்கர்?" என்று மட்டும் கேட்டார்.

எந்தப் பேப்பர் என்று கேட்டேன். உண்மையிலேயே மறந்துவிட்டிருந்தேன்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்பே கதை ஊருக்குப் போய்விட்டது. எங்கள் ஆட்கள் துரத்தியதற்கு அவள் பழி தீர்த்துவிட்டாள் என்றார்கள். தமிழ்ப் பெடியனைச் சாகவிட்டாள் என்றார்கள். என் அம்மாவும் மாரில் அடித்து அதையேதான் சொல்லி அழுதார். நான் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கதை நிற்கும்வரைக்கும், கிணற்றடியில் நான் பார்த்தது என்ன என்று யாரும் என்னிடம் கேட்கப் போவதில்லை. உடப்புச் சனம் அந்தக் கடைப் படி ஏறுவதை நிறுத்தியது. ஒருநாள் கடைக் கண்ணாடிக் கூண்டுக்குக் கல் விழுந்தது. யார் எறிந்தது என்று எனக்குத் தெரியும், அதையும் சொல்லவில்லை. ஹாஜியார் அவரைக் கடைக்கு வரவேண்டாம் என்றார். இரண்டாம் முறையும் தமிழ் பேசுகிறவர்களால்தான் அவர் ஒரு இடத்தை விட்டுப் போனார். இந்தமுறை எங்கள் கையில் துவக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உம்மாவோடு எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. இன்றுவரைக்கும் இல்லை.

தம்பியின் முப்பத்தோராம் நாளுக்குப் படையல் வைக்க, அன்றைக்குச் சந்திக்குப் போட்டுப் போய்த் துவைக்காமலே மடித்து வைத்த என்னுடைய நல்ல சட்டையை அம்மா பெட்டியில் இருந்து எடுத்துத் தந்தார். பையில் அந்தத் தாள் நாலாக மடித்தபடியே இருந்தது. சாப்பாட்டுக்கு வந்திருந்தவர்களில் இங்கிலீஷ் படிப்பித்துப் பென்சன் எடுத்த சேர் ஒருவர் இருந்தார். அவரைக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்த் தாளை விரித்துக் கொடுத்தேன்.

"முழுசா வாசிங்க சேர்" என்றேன்.

அவர் மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தார். சாவு அபூர்வம் என்ற வரி உண்மையாகவே அங்கே இருந்தது. பிறகு பக்கத்தின் நடுவுக்கு வந்ததும் நின்றார். அங்கே மூன்று வரிக்குக் கீழே நீலப் பேனாவால் கோடு போட்டிருந்தது. கையால் இழுத்த கோடு இல்லை. அடிமட்டம் வைத்து இழுத்த கோடு, கொஞ்சமும் வளையாமல்.

சேர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இது டெங்குவா இருக்கலாமெண்டு சந்தேகப்பட வேண்டிய இடம். முரசில ரத்தம் கண்டா பாத்துக்கொண்டிருக்கக் கூடாது, உடன ஆசுபத்திரி. வலிக் குளிசை குடுக்கக் கூடாது. காய்ச்சல் விடுகிற நேரந்தான் ஆகப் பயப்பட வேண்டிய நேரம்." பிறகு என்னைப் பார்த்தார். "இது எப்ப தந்த பேப்பர் தம்பி?"

மூன்றாம் நாள் தந்தது. யாராவது வருகிறார்களா என்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

நான் இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. என் முகத்தில் ஓம் என்று இருந்ததை வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டு, எனக்குத் தெரியாத பாஷையில் உண்மையைக் கோடு போட்டுத் தந்துவிட்டு, எனக்குத் தெரிந்த பாஷையில் நான் கேட்டதைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வாய் திறந்து ஒரு வார்த்தை, "போங்க, கொண்டு போங்க" என்று கத்தியிருக்கலாம். கத்தினால் என்ன நடக்கும் என்று அவருக்குப் படிப்பித்து வைத்தவர்கள் நாங்கள்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவரை மன்னிக்க மனம் வரவில்லை. என்னை மன்னிக்கிற கதையை நான் எடுக்கவே போவதில்லை.

அம்மா கொட்டிலுக்குப் பின்னால் வந்துவிட்டார். கையில் காகத்துக்கு வைக்க வேண்டிய சோறு. தாளைப் பார்த்தார்.

"அவ தந்த பேப்பரா மகன்? என்ன எழுதியிருக்கு?"

சேர் என்னைப் பார்த்தார். நான் தாளை அவர் கையில் இருந்து வாங்கினேன். கோடு போட்ட இடத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டேன்.

"ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கு அம்மா. தண்ணி நல்லாக் குடிக்கச் சொல்லியிருக்கு."

"நாங்க அதெல்லாம் செய்தம்தானே" என்றார் அம்மா. "வேற ஒண்டுமில்லையா? முழுசா வாசிச்சீங்களா?"

"ஓம் அம்மா" என்றேன்.